புற்றுநோய் மருந்துகளும் ஹெபடைடிஸ் பி மீளெழுச்சியும்

ஹெபடைடிஸ் பி மீளெழுச்சி என்பது, உடலில் அடங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி வைரஸ், நோயெதிர்ப்பாற்றல் குறையும்போது மறுபடியும் பெருகிக் கல்லீரலுக்குக் கேடு விளைவிப்பதாகும். கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகளிடம் இது 1970களில் தெளிவாக விவரிக்கப்பட்டது. புற்றுநோய் கட்டுக்குள் வந்துவிட்ட நிலையில் நோயாளி கல்லீரல் செயலிழந்து இறந்துபோவது இதன் கொடிய முடிவு. சிகிச்சைக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனையும், தேவைப்படுவோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரையும் இருந்தால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம். இவ்வளவு எளிய ஏற்பாடு எல்லாப் புற்றுநோயாளிகளுக்கும் உரிய பொதுவிதியாக ஏற்கப்பட, முதல் ஆய்வறிக்கைகள் வெளிவந்த பின்னும் ஏறத்தாழ 45 ஆண்டுகள் பிடித்தன.

வைரஸின் ஒளிவிடம்

ஹெபடைடிஸ் பி வைரஸ் இரத்தத்தின் மூலமும் உடல் நீர்மங்களின் மூலமும் பரவுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோர் சில மாதங்களில் அதிலிருந்து மீண்டுவிடுவர். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளுக்கோ அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. அவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தம் உடலில் வைரஸ் இருப்பதே தெரியாமல் ஐம்பது, அறுபது வயதைக் கடந்துவிடுவோர் உண்டு.

மீண்டுவிட்டதாகக் கருதப்படுபவர்களின் உடலிலிருந்தும் வைரஸ் முற்றிலுமாக நீங்குவதில்லை. கல்லீரல் உயிரணுவின் உட்கருவுக்குள் அதன் டி.என்.ஏ. மூடிய சிறு வளையமாகத் தங்கிவிடுகிறது. இந்த வளையம்தான் வைரஸின் மூலப்படி. இரத்தத்தில் ஒரு வைரஸ்கூடக் காணப்படாத காலத்திலும் அது உள்ளே இருக்கிறது. நோயெதிர்ப்பு அணுக்களின் இடையறாத காவலே அதைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கிறது.

இந்த வைரஸ் கல்லீரல் அணுக்களைத் தானே பெரிதாக அழிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். தொற்றிய அணுக்களைத் தேடிக் கொல்வது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே. எனவே கீமோதெரபி மருந்துகள் அந்தக் காவலை முடக்கும்போது வைரஸ் ஓசையின்றிப் பெருகுகிறது, கல்லீரலுக்கு அப்போதைக்குப் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. மருந்து நின்று, வெள்ளணுக்கள் மீண்டும் பெருகும்போது, கல்லீரல் முழுவதும் வைரஸ் நிறைந்திருப்பதை அவை கண்டுகொள்கின்றன. அப்போது நிகழும் தாக்குதலில் கல்லீரல் சிதைகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது என்று நோயாளியும் குடும்பத்தாரும் நிம்மதி அடையும் வேளையில் மஞ்சள் காமாலை தோன்றுவதற்கு இதுவே காரணம். மருத்துவர்களும் நெடுங்காலம் இதனை மருந்தின் நச்சுத்தன்மை என்றோ, புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றோ எண்ணி வந்தனர்.

இரத்தப் புற்றுநோயாளிகளின் குருதியில் ஒரு புரதம்

இந்த வைரஸுக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு, வைரஸ் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்க மருத்துவர் பரூக் புளூம்பெர்க், மனிதரிடையே இரத்தப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஆராய்ந்தவர். உலகின் பல பகுதிகளிலிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டி, பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் குருதியோடு அவற்றை ஒப்பிட்டு வந்தார். அப்படி நடந்த ஒரு சோதனையில், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் குருதி மாதிரி, இரத்தம் உறையாமை நோயுள்ள அமெரிக்கர் ஒருவரின் குருதியோடு வினைபுரிந்தது. அதில் இருந்த அறியப்படாத புரதத்துக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டனர். இந்தச் சோதனையில் உடனிருந்த ஹார்வி ஆல்டர், பிற்காலத்தில் ஹெபடைடிஸ் சி ஆய்வுக்காக 2020இல் நோபல் பரிசு பெற்றார்.

1965இல் இதுபற்றி வெளியான கட்டுரை, அந்தப் புரதத்தை இரத்தப் புற்றுநோயாளிகளின் குருதியில் காணப்படும் ‘புதிய’ ஆன்டிஜென் என்றே குறிப்பிட்டது. நலமாக இருந்த அமெரிக்கர்களிடம் அரிதாக இருந்த அது, லுகேமியா நோயாளிகளிடம் அடிக்கடி தென்பட்டது. அது லுகேமியாவுக்கு ஆளாகும் பரம்பரை இயல்பின் அடையாளமாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினர். லுகேமியா வரும் வாய்ப்பு அதிகமுள்ள டவுன் நோய்க்குறி உடையோரையும் சோதித்தனர். அவர்களில் ஒருவருக்கு முதலில் இல்லாத ஆன்டிஜென் பிறகு தோன்றியது, அத்துடன் கல்லீரல் அழற்சியும் இருந்தது. மரபு அடையாளம் இடையில் வந்து சேராது என்பதால் இது தொற்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1970இல் லண்டனில் டேவிட் டேன் குழுவினர் முழு வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டனர். புளூம்பெர்க்குக்கு 1976இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

லுகேமியா நோயாளிகளிடம் அந்தப் புரதம் மிகுதியாக இருந்ததற்கான விடை எளியது. அவர்களுக்கு ஓயாமல் இரத்தம் ஏற்றப்பட்டது, அதன் வழியாக வைரஸும் ஏறியது. நோயெதிர்ப்பாற்றல் குன்றிய உடல் அதை வெளியேற்ற இயலாமல் வைத்துக்கொண்டது. பின்னாளில் மீளெழுச்சி எனப்பட்டதன் பாதி விளக்கம் இந்த இரண்டாவது காரணத்திலேயே அடங்கியிருந்தது. ஆனால் அன்றைய கவனம் இரத்த வங்கிகளைப் பாதுகாப்பதிலும் தடுப்பூசி தயாரிப்பதிலும் இருந்தது. அதைத் தவறென்று சொல்ல முடியாது. அவ்விரண்டும் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

1975ஆம் ஆண்டின் இரு ஆய்வுகள்

1975இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர், லுகேமியாவுக்கும் கோரியோகார்சினோமாவுக்கும் சிகிச்சை பெற்றவர்களிடம் மருந்தை நிறுத்தியபின் கல்லீரல் திடீரெனச் செயலிழந்ததை ‘லான்செட்’ இதழில் எழுதினர். கோரியோகார்சினோமா என்பது நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து பெண்களுக்கு வரும் புற்றுநோய். திண்மப் புற்றுநோய்களில் மருந்தாலேயே குணமாக்கப்பட்ட முதல் நோய்களில் ஒன்று அது. அதிலிருந்து பிழைத்தவரைக் கல்லீரல் பலிகொண்டது என்பதால்தான் அந்த அறிக்கை மருத்துவர்களைச் சுட்டது.

அமெரிக்காவில் ஜாக் வாண்ட்ஸ் குழுவினர் செய்தது பொறுமையான பணி. கீமோதெரபி பெறும் இரத்த, நிணநீர்ப் புற்றுநோயாளிகளின் குருதியை அடுத்தடுத்து எடுத்துச் சோதித்துக்கொண்டே வந்தனர். மருந்து கொடுக்கும்போது வைரஸ் ஆன்டிஜென் ஏறுவதும், எதிர்ப்பொருள் இறங்குவதும், மருந்து நின்றபின் அழற்சி தோன்றுவதும் அட்டவணையில் கண்ணுக்குத் தெரிந்தன. லண்டன் அறிக்கை விளைவைக் காட்டியது என்றால், வாண்ட்ஸின் அட்டவணை அதன் வழியைக் காட்டியது.

காரணம் தெரிந்தும் செய்ய ஒன்றும் இல்லை என்பதே அப்போதைய நிலை. வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து கிடையாது. பிறகு வந்த இன்டர்ஃபெரான் ஊசி, நோயெதிர்ப்பைத் தூண்டி வேலை செய்வது. அது இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் குறைக்கும். கீமோதெரபியால் ஏற்கெனவே வெள்ளணுக்கள் குறைந்த ஒருவருக்கு அதைத் தருவது பொருந்தாது.

ஹாங்காங் கற்றுத் தந்தது

மேலை நாடுகளில் அரிய நிகழ்வாக இருந்த இது, ஹாங்காங், தைவான், தென் சீனம் ஆகிய இடங்களில் அன்றாடச் சிக்கல். அங்கே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்தது. எனவே அடுத்த இருபதாண்டுகளின் முக்கியமான ஆய்வுகள் அங்கிருந்தே வந்தன.

ஹாங்காங்கில் அன்னா லோக் குழுவினர் நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட 100 பேரைத் தொடர்ந்து கவனித்து 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 27 பேரிடம் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் இருந்தது. இந்த 27 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைரஸ் மீண்டும் தலைதூக்கியது. எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்து என்ற எண்ணம் அத்துடன் போயிற்று. மார்பகப் புற்றுநோயாளிகளிடமும் இதே கதைதான். ஹாங்காங்கிலேயே வின்னி யோ குழுவினர் வைரஸ் உள்ள 41 பெண்களைக் கவனித்ததில் 17 பேருக்கு மீளெழுச்சி ஏற்பட்டது. மீளெழுச்சி கண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோதெரபியைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ வேண்டியதாயிற்று. உயிரைப் பறிக்காத மீளெழுச்சியும் தீங்கற்றதல்ல. கல்லீரல் தேறும்வரை காத்திருக்கும் வாரங்களில் புற்றுநோய் காத்திருப்பதில்லை.

ஸ்டீராய்டு மருந்துகளின் பங்கும் இக்காலத்தில் தெளிவாயிற்று. நிணநீர்ப் புற்றுநோய்க்கான வழக்கமான மருந்துக் கூட்டில் பிரெட்னிசொலோன் இடம்பெறுகிறது. வாந்தியைத் தடுக்கவும் ஸ்டீராய்டு தரப்படுகிறது. அது நோயெதிர்ப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. வைரஸின் மரபுப்பொருளிலேயே ஸ்டீராய்டுக்கு வினைபுரியும் பகுதி ஒன்று இருப்பதால் வைரஸ் பெருகுவதை நேராகவும் தூண்டுகிறது. தைவானில் 50 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு இல்லாத கூட்டைக் கொடுத்துப் பார்த்தனர். ஒன்பது மாதங்களில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் மீளெழுச்சி ஏற்பட்டது. ஆனால் புற்றுநோய் முழுவதும் மறைந்தோரின் விகிதம் ஸ்டீராய்டு பெறாத பிரிவில் சற்றுக் குறைந்து காணப்பட்டது. கல்லீரலைக் காக்கப் புற்றுநோய்ச் சிகிச்சையை விட்டுக்கொடுப்பதா என்ற இக்கட்டான கேள்வி எழுந்தது.

ஒரு மாத்திரை

அக்கேள்வியைத் தேவையற்றதாக்கியது லாமிவுடின். கனடாவில் பிறந்த இந்த மருந்து 1995இல் எச்.ஐ.வி.க்காகவும், 1998 இறுதியில் ஹெபடைடிஸ் பி-க்காகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை அது தடுக்கிறது. நோயெதிர்ப்பைத் தூண்டுவதில்லை, பக்கவிளைவுகளும் குறைவு. ஆகவே கீமோதெரபியோடு சேர்த்தே கொடுக்கலாம்.

எப்போது கொடுப்பது என்பதே அடுத்த விவாதம். வைரஸ் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுப்பது வீண் செலவு, வாராவாரம் இரத்தத்தைப் பார்த்து வைரஸ் ஏறத் தொடங்கியதும் கொடுத்தால் போதும் என்பது கேட்பதற்கு நியாயமான வாதம். ஹாங்காங்கின் ஜார்ஜ் லாவ் குழுவினர் இதனைச் சோதித்தனர். நிணநீர்ப் புற்றுநோயும் வைரஸும் உள்ள 30 பேரில் 15 பேருக்குக் கீமோதெரபிக்கு முன்பே லாமிவுடின் தொடங்கப்பட்டது. மற்ற 15 பேருக்கு வைரஸ் எழுந்தால் மட்டும் தருவது என்று ஏற்பாடு. முதல் பிரிவில் ஒருவருக்கும் மீளெழுச்சி இல்லை, இரண்டாம் பிரிவில் 8 பேருக்கு ஏற்பட்டது. 2003இல் வெளியான இந்த ஆய்வு 30 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. எனினும் முன்கூட்டித் தருவதா, பொறுத்திருந்து தருவதா என்ற விவாதத்தை அது பெருமளவுக்கு முடித்துவைத்தது. வைரஸ் பெருகிவிட்ட பிறகு மருந்தால் அதன் பெருக்கத்தை நிறுத்தலாம், ஏற்கெனவே தொற்றிய அணுக்கள்மீது நோயெதிர்ப்பு நடத்தும் தாக்குதலை நிறுத்த முடியாது.

லாமிவுடினின் குறை, வைரஸ் விரைவில் அதற்குப் பழகிவிடுவது. 2005இல் வந்த என்டெகாவிரும் 2008இல் ஹெபடைடிஸ் பி-க்கு ஒப்புதல் பெற்ற டெனோஃபோவிரும் இதில் உறுதியானவை. சீனாவில் நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 121 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், லாமிவுடின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் என்டெகாவிர் பெற்றவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கும் மீளெழுச்சி ஏற்பட்டது.

இந்த மருந்துகளுக்கு முந்தைய காலத்தில் சென்னையும் இவ்வரலாற்றில் ஓரிடம் பெற்றது. மஞ்சள் காமாலைக்கு வழிவழியாகத் தரப்படும் கீழாநெல்லியை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் வைரஸ் உள்ளவர்களிடம் சோதித்து 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். கட்டுரை ஆசிரியர்களில் புளூம்பெர்க்கும் ஒருவர். கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்ததாக அது கூறியது. தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. எனவே கீமோதெரபி பெறுவோருக்குக் கீழாநெல்லி இந்த மாத்திரைகளுக்கு மாற்றாகாது.

ரிடுக்சிமாப் வந்த பின்

1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிடுக்சிமாப், நிணநீர்ப் புற்றுநோயில் பிழைப்போர் எண்ணிக்கையை உயர்த்திய மருந்து. பி-அணுக்களின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அவ்வணுக்களை அழிப்பது அதன் வேலை. எதிர்ப்பொருள்களை உருவாக்கும் அணுக்கள் இவ்வகையிலிருந்தே தோன்றுபவை. ஆகவே வைரஸைக் காவல்காக்கும் எதிர்ப்பொருள்களின் ஊற்று மாதக்கணக்கில் வற்றிவிடுகிறது.

அதுவரை ஆபத்து உள்ளவர்களாகக் கருதப்பட்டோர் மேற்பரப்பு ஆன்டிஜென் உள்ளவர்கள் மட்டுமே. ஆன்டிஜென் இல்லாமல், வைரஸின் உள்ளகப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் அது பழைய தொற்றின் தடம், கவலை வேண்டாம் என்று விட்டுவிடுவது வழக்கம். ரிடுக்சிமாப் இந்த வழக்கத்தை உடைத்தது. வின்னி யோ குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பழைய தடம் மட்டும் உள்ளவர்களில் ரிடுக்சிமாப் இல்லாத சிகிச்சை பெற்ற 25 பேரில் ஒருவருக்கும் வைரஸ் எழவில்லை. ரிடுக்சிமாப் சேர்த்துப் பெற்ற 21 பேரில் 5 பேருக்கு எழுந்தது. இளமையில் எப்போதோ காமாலை வந்து போனதை மறந்துவிட்டவர்களும், வந்ததே தெரியாதவர்களும் இப்போது ஆபத்து வட்டத்துக்குள் வந்தார்கள். 2013 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ரிடுக்சிமாபுக்கும் அதே வகையைச் சேர்ந்த ஒஃபாடுமுமாபுக்கும் கட்டமிட்ட எச்சரிக்கையை வலுப்படுத்தி, தொடங்குமுன் எல்லோரையும் பரிசோதிக்கக் கூறியது.

யாரைச் சோதிப்பது?

மருந்து கிடைத்த பின்னும் பரிசோதனை பரவவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நோயெதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சை பெறவிருக்கும் எல்லோரையும் சோதிக்குமாறு 2008இல் பரிந்துரைத்தது. கல்லீரல் மருத்துவர் சங்கங்களின் குரலும் அதை ஒட்டியே இருந்தது. ஆனால் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ‘ஆஸ்கோ’, எல்லோரையும் சோதிப்பதன் நன்மை தீமைகளைக் கணிக்கப் போதிய சான்று இல்லை என்று 2010இல் கருத்துரைத்தது. ஆபத்துக் காரணி உள்ளவர்களையும் ஆபத்து மிகுந்த மருந்து பெறுவோரையும் சோதிக்கலாம் என்பதே அதன் நிலை. கல்லீரல் மருத்துவரிடம் நோயாளி வருவது கேடு நிகழ்ந்த பிறகு. புற்றுநோய் மருத்துவரோ நூறு பேருக்கு மருந்து கொடுத்து ஒருவரிடம்கூட அதைக் காணாமல் இருந்திருக்கலாம். ஒரே நோயை இரு துறையினர் இருவேறு அளவில் பார்த்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஆபத்துக் காரணிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சோதிப்பது நடைமுறையில் தோற்றது. அவசரமான புறநோயாளிப் பிரிவில், பிறந்த ஊர், பழைய இரத்தமேற்றல், ஊசிப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது வைரஸ் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதுவது அரிதாகவே நடந்தது. கேட்டாலும் பலருக்கு விடை தெரியாது. புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 3,051 பேரைச் சோதித்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. 6.5 விழுக்காட்டினருக்குப் பழைய தொற்றின் தடமும், 0.6 விழுக்காட்டினருக்கு நீடித்த தொற்றும் இருந்தன. நீடித்த தொற்று உள்ளவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் அதை அப்போதுதான் அறிந்தார்கள். அவர்களில் அடையாளம் காணத்தக்க ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதவர்களும் கணிசமாக இருந்தனர்.

2020இல் ஆஸ்கோ தன் நிலையை மாற்றிக்கொண்டது. புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறவிருக்கும் அனைவருக்கும் மூன்று சோதனைகள் தேவை என்றது: மேற்பரப்பு ஆன்டிஜென், உள்ளகப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், மேற்பரப்பு ஆன்டிஜெனுக்கு எதிரான எதிர்ப்பொருள். முடிவு வரும்வரை புற்றுநோய்ச் சிகிச்சையை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதும் அதில் அடங்கும். ஆன்டிஜென் உள்ளவர்கள் சிகிச்சையின்போதும் அது முடிந்தபின் குறைந்தது 12 மாதங்களும் வைரஸ் மருந்து உட்கொள்ள வேண்டும். பழைய தடம் மட்டும் உள்ளவர்களுக்கு, ரிடுக்சிமாப் போன்ற மருந்து தரப்பட்டால் தடுப்பு மருந்து, மற்றவற்றுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை என்று பிரிக்கப்பட்டது.

அந்த 12 மாதங்கள்தான் நடைமுறையில் நழுவிப்போகும் இடம். கீமோதெரபி முடிந்து முடி வளரத் தொடங்கியதும் நோயாளி மாத்திரையையும் விட்டுவிடுகிறார், அல்லது மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க யாரும் நினைவூட்டுவதில்லை. நோயெதிர்ப்பு திரும்பி வரும் காலம் அதுவே என்பதால் அப்போது நிறுத்துவது பெரிய ஆபத்து.

இந்தியாவில்

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022இல் உலகில் 25.4 கோடிப் பேருக்கும் இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கும் நீடித்த ஹெபடைடிஸ் பி தொற்று இருந்தது. உலக அளவில் அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு மட்டுமே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. இந்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002இல் சோதனை முறையில் தொடங்கப்பட்டு, 2011இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. புற்றுநோய் மிகுதியாகத் தாக்கும் வயதில் இன்று இருப்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவர்கள். அவர்களில் யாருக்கு வைரஸ் இருக்கிறது என்பதை, பலரைப் பொறுத்தவரை, கீமோதெரபிக்கு முந்தைய அந்தப் பரிசோதனையே முதன்முதலில் சொல்லும்.